பால்குடம் முடியும்வரை

12 ஜனவரி 2025, ஞாயிறு

பந்திங் பாசாரில் மீன் பக்கமே போகவில்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக விரதம் இருக்கிறேன். அத்தை ஒரு படி மேலே: மகனுக்காக, நான் குடம் இறக்கும்வரை வெறும் கஞ்சிதானாம். மீன்கார அண்ணன் தூரத்திலிருந்தே, "விமலன் எப்ப வராரு?" என்று என் புருஷனைப் பற்றிக் கேட்டார். லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போன ஆளைக் கேட்பதுபோல. சிரித்து வைத்தேன்.

19 ஜனவரி

அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். இனிமேல் பார்க்கவே கூடாது என்று நேற்றுதான் முடிவு செய்தேன்.

பிடிபட்ட சிப்பாய்களை உட்கார வைத்திருக்கிறார்கள். ஓரத்தில் என் புருஷன், மொட்டைத் தலையோடு. பெயரைச் சொல்லிவிட்டு "மலேசியா, பந்திங்" என்கிறார். ராணுவத்துக்குச் சாமான் ஏற்றுகிற லோரி வேலை என்றுதான் ஏஜென்ட் அழைத்துப் போனான். போனதும் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுத மாட்டேன். யாருடைய சண்டைக்கு யார் போய்ச் சிக்கியிருப்பது — அவருக்குக் கோழி அறுக்கக்கூட மனசு வராதே!

முருகா, உயிரோடு அனுப்பிவிடு. வேறெதுவும் கேட்கமாட்டேன்.

28 ஜனவரி

தகவல் இல்லை.

7 பிப்ரவரி, வெள்ளி

அவருடைய அண்ணன் சின்னையா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"இல்லம்மா, வேலைலேர்ந்து நேரா வரேன். ஒரே அழுக்கு லா."

"தகவல் ஏதாச்சும்?"

"பால்குடம் நல்லபடியா முடியட்டும்மா."

முகத்தைப் பார்க்காமல் பேசினார். வேலைக் களைப்பாக இருக்கும்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

பால் ஊற்றிவிட்டேன்.

வருஷா வருஷம் பத்துமலைப் படி முழுக்க எங்களோடு "வேல் வேல்" என்று ஏறுகிறவர் சின்னையா அண்ணன். இந்த முறை முட்டி வலி என்று கீழேயே நின்றுவிட்டார். இறங்கி வந்து திருநீறு நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

சாவுத் தீட்டு உள்ளவர்கள்தானே கோயில் ஏற மாட்டார்கள், திருநீறு வாங்க மாட்டார்கள்?

"எப்பண்ணே?"

"போன மாசமே முடிஞ்சிருச்சும்மா. அடைச்சு வச்சிருந்த எடத்துலயே காய்ச்சலாம். வெள்ளிக்கிழமதான் எனக்குப் போன் வந்துச்சு. காதுல விழுந்தாத்தானே தீட்டு... ஒனக்குத் தெரியாம இருந்தா வேண்டுதலாச்சும் முடியும்னு..."

செத்துப்போன ஆளுக்கா உயிர் கேட்டேன்? இத்தனை நாள்? தெரிஞ்சும் என்னை ஏற விட்டாரே, பாவி! அந்த இடத்திலேயே கத்தினேன், தலையில் அடித்துக்கொண்டேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் வழி விட்டார்கள். யாரோ ஓர் அக்கா ஓடி வந்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அண்ணனை மன்னிக்க மாட்டேன்.

12 பிப்ரவரி, புதன்

அத்தைக்கு இன்னும் தெரியாது. மத்தியானம் தானே வந்து சொல்வதாக அண்ணன் போன் செய்தார். போனை வைத்துவிட்டேன். பொட்டை மட்டும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

அத்தை தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "சோறு போடு குமுதா. அதான் குடம் எறக்கியாச்சே. அவன் வர்றப்ப நான் தெம்பா இருக்க வேணாமா?"

கீரை, சாம்பார், அப்பளம். மறு சோறு கேட்டு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் அண்ணனின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கேட்டிலேயே நிறுத்தினேன்.

"அத்த சாப்பிட்டு முடிக்கட்டும்ண்ணே."