ஒரே பட்டன் கேமரா

வேலைக்குக் கிளம்புமுன் மரகதம், உறங்கிக்கொண்டிருந்த கணவருக்குச் சீட்டு ஒன்று எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"என்னங்க, இட்லி மூடி வச்சிருக்கேன். அடுப்புப் பக்கம் போக வேணாம். மதியம் பக்கத்து வீட்டு ரொக்கியா சாப்பிட மீ சியாம் நூடுல்ஸ் கொண்டு வருவாங்க, அவங்ககிட்ட சாவி இருக்கு.

தேக்கா கடையில பார்த்த ரெண்டு கேமராவுல ஸூம் உள்ளதைத்தான் நீங்க கேட்டீங்க. கிராஞ்சி சதுப்பு நிலத்துல பறவைங்களைப் படம் எடுக்க அதுதான் வேணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அதுல எடுத்த படத்தைப் பார்க்க நாலு பட்டன் அமுக்கணும். நான் வாங்கி இங்க மேசையில வச்சிருக்கிறதுல ஒண்ணு போதும். அதுமேல என் பொட்டு ஒண்ணை ஒட்டியிருக்கேன். கோபப்படாதீங்க."

கதவருகே போனவளுக்கு, நேற்றுச் சாயங்காலம் அவர், "யாரு நீ? என் வீட்டுக்குள்ள எப்படி வந்தே?" என்று கையை ஓங்கியது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"சாயந்தரம் ஒரு பொம்பளை கதவைத் திறந்துக்கிட்டு வருவா. விரட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பட்டனை அமுக்கிப் பாருங்க. கடைக்காரர் அதுல எடுத்துக் கொடுத்த படத்துல உங்க தோள்ல சாஞ்சு, இதே பொட்டு வச்சுக்கிட்டு நிக்கிறது நான்தாங்க."