சுகுவின் புது இன்ஜின்

சனிக்கிழமை.

மனைவியின் தம்பி சுகு, தன் ரிமோட் காருக்கு வாங்கிய புது நைட்ரோ இன்ஜினை ஓட்டிப் பழக்கித் தரச் சொல்லியிருந்தான். முதல் சில டாங்கி எண்ணெய் தீரும்வரை மெதுவாக ஓட்ட வேண்டும், நடுநடுவே சூடு ஆறவிட வேண்டும். மேரு ஊரில் வேலையிடத்து இரவு ஷிப்ட் முடித்து நேரே திடலுக்குப் போன எனக்குப் பொறுமை இல்லை. அவன் ரோட்டோரக் கடையில் தே தாரிக் டீ வாங்கப் போன நேரத்தில் முழு வேகத்தில் முடுக்கினேன். இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

"இன்ஜினே சரியில்லடா," என்றேன் அவன் திரும்பி வந்ததும்.

"நாளைக்குக் கடைக்காரர்கிட்ட கேக்குறேன் மச்சான்."

இன்ஜினை விற்ற அந்தக் கடைக்காரர் அதிர்ந்து பேசாத மனிதர்; என் தப்புக்கு அவர் பேச்சு வாங்குவார். வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. சுகுவை போனில் அழைத்து, "நான்தான்டா கெடுத்தேன்," என்றேன்.

"சத்தம் ரோட்டுக்கே கேட்டுச்சு மச்சான். நீங்களே சொல்வீங்கன்னுதான் இருந்தேன். தூங்குங்க லா."

இனித்தான் தூக்கமே வரும்.