டி டிரைவ் காலியாகத்தான் இருந்தது

இன்று காலை பழைய மடிக்கணினியில் இரண்டாவதாக ஒரு சிஸ்டம் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஏற்கெனவே இருப்பதில் என் படங்கள், கடிதங்கள் எல்லாம் கிடக்கின்றன, அதைத் தொட மனமில்லை. அதனால் டிஸ்கில் ஒரு பகுதியைக் காலியாக ஒதுக்கி வைத்திருந்தேன். நிறுவ ஆரம்பித்ததும், எங்கே போடட்டும் என்று கேட்டது. பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளைக் கட்டம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், இங்க வந்து பாரு லா" என்று நம் ஈப்போப் பேச்சிலேயே வாய்விட்டுச் சொல்லி இடது பக்கம் திரும்பினேன். அந்த நாற்காலியில் மடிக்காத துணிதான் குவிந்திருந்தது. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உனக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் கேட்க ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. ஈப்போவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், தவுக்கே என்று நாம் கூப்பிட்ட சீன முதலாளி ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பு. வாத்தியாரம்மாக்கள் இரண்டே பேர், நீயும் நானும். ஆறு மெஷின், அதில் ஒன்றில் மட்டும்தான் ஹார்ட் டிஸ்க். அதற்கு நேராக ஃபேனைத் திருப்பி வைத்திருந்தார் தவுக்கே. நமக்கு வியர்த்தால் அவருக்குக் கவலையில்லை. அந்த டிஸ்கை வாங்கும்போதே இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சி டிரைவில் டாஸ் என்கிற சிஸ்டமும் வகுப்புக்கு வேண்டியவையும் இருந்தன. டி டிரைவில் எதுவுமே கிடையாது.

வேலை முடிந்து புந்தோங்கில் ஒரே வாடகை அறைக்குத்தான் இருவரும் திரும்புவோம். நீ வருவதற்கு முன் இரண்டு வருடம் அங்கே நான் தனியாக இருந்தேன். அம்மா போய்விட்டாள், அண்ணன் ஜோகூர்ப் பக்கம் போனவன் போனவன்தான். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் நானும் வணக்கம் சொல்வேன். இதை உன்னிடம் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் ஒரு வாரம், ரேடியோவைப் போடும்போதெல்லாம் "உன் மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று என்னை வம்புக்கு இழுத்தாய்.

அந்தச் சமயத்தில்தான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையிலிருந்து உனக்கு நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே யூனிக்ஸ் என்று வேறொரு சிஸ்டம் ஓடுகிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள். தெரியும் என்று பதில் எழுதிப் போட்டுவிட்டாய். பொய் சொன்னது நீ, தூக்கம் கெட்டது எனக்கு. மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டால் பொய் உண்மையாகிவிடும் என்பது உன் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து உன் மச்சான் அந்த சிஸ்டத்தின் ஃபிளாப்பி டிஸ்க்குகளை ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். தவுக்கே போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. டாஸுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, இரண்டும் ஒரே மெஷினில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொள்ளட்டும் என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான் நமக்குக் கிடைத்த நேரம். நீ முதல் டிஸ்கைப் போட்டாய். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, இந்த மெஷினில் எனக்கு இடம் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டது. நீ கேபிளைக் கழற்றி மாட்டினாய். தூசி ஊதினாய். டி டிரைவைத் திரும்ப ஃபார்மட் செய்தாய். மறுநாளும் அதே பதில்தான்.

"ஏசப்பா! டி காலியா தானே லா இருக்கு? கண்ணு தெரியலையா இந்தச் சனியனுக்கு?" என்று கத்தினாய்.

அந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எனக்கு ஏழு வயதிருக்கும்போது சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் தோட்டத்துக்கு வந்தோம். லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு காலியாகக் கிடந்தது. நாங்களோ சித்தப்பா வீட்டு அடுப்படியில் ஆறு வாரம் படுத்தோம். "வீடு காலியா தானே இருக்கு?" என்று அப்பா போய்க் கேட்டதற்குத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொன்னார்: "காலிதான். ஆனா புக்குல பழைய ஆளு பேரு இருக்கே. அத அடிச்சாதான் உனக்கு எழுத முடியும்."

நீ பாரிட் புந்தார்க்காரி, சொந்த வீட்டில் வளர்ந்தவள். லயத்து வழக்கம் உனக்குத் தெரிய நியாயமில்லை. டி டிரைவ் காலியாகத்தான் இருந்தது, ஆனால் டிஸ்கின் புத்தகத்தில் அது டாஸின் பேரில் இருந்தது. ஃபார்மட் செய்வது அந்தக் காலி வீட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெருக்குகிற மாதிரிதான். பேரையே அடித்து, யாருக்கும் சொந்தமில்லாத இடமாக விட்டால்தான் புதிதாக வருகிறவனுக்கு அது தெரியும். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"இது மட்டும் ஓடிட்டா, அடுத்த மாசம் நான் பினாங்குல" என்றாய் நீ, மீ கோரேங் நூடுல்ஸை வாயில் வைத்துக்கொண்டே.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பதினோரு நாள் மூடியே வைத்திருந்தேன். நீ கையேட்டைத் தலைகீழாகப் படித்தாய். டிஸ்க்குகளை மச்சானுக்கு அனுப்பி மாற்றி வாங்கினாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வேற கேபிள் பாக்கலாமா?" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நல்லவள் நான்! நீ திட்டிக்கொண்டே சாப்பிடுவாய், என் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொள்வாய், மெஷினுக்கு ஒரு பேர் வைத்து அதன் பரம்பரையையே இழுப்பாய். நான் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போவேன்.

பதினோராம் நாள் டிஸ்க்குகளை அடுக்கி டின்னில் வைத்து மூடினாய். பஸ்ஸில் வரும்போது, "விடு லா. போவ வேணாம்னு இருக்கு போல. இங்கயே இருந்துட்டுப் போறேன், நமக்கு என்னா குறை?" என்றாய். நான் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். ஆனால் சொன்னபோது நீ என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாய். அப்படி ஒரு சோர்ந்த முகத்தோடு உன்னை என் பக்கத்தில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொல்லிவிட்டேன்.

"காலியா இருந்தா பத்தாது. டி-யோட பேரையே அடிக்கணும். பார்ட்டிஷன அழிச்சிட்டு, இடத்தச் சும்மா விட்டுட்டு ஏத்திப் பாரு."

மறுநாள் நீ அழித்தாய். சி-யை அழித்துவிடக் கூடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைசிப் பொத்தானை அழுத்தினாய். டிஸ்கைப் போட்டதும் அது இடத்தைக் கண்டுகொண்டது. நீ போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார். அதற்குப் பிறகு காலை வகுப்புக்கு டாஸ், மத்தியானம் உனக்கு யூனிக்ஸ். எது எழுந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நாம்தான் மாற்றிவிட வேண்டும். மிச்சமிருந்தது பத்து நாள்கூட இல்லை. அதற்குள் படித்துத் தீர்த்தாய்.

"உனக்கு எப்ப தோணுச்சு?" என்று கேட்டாய்.

"நேத்துதான். பஸ்ல வாரப்ப."

நீ அதை நம்பினாய். அதோடு விட்டாயா? பினாங்கில் வேலை கிடைத்ததும் அங்கே எல்லோரிடமும் சொன்னாய். என் கூட்டாளி ஒருத்தி இருக்கிறாள், நான் பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதை பஸ்ஸில் வருகிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள் என்று. கல்யாணத்தில் உன் மாமியாரிடம்கூடச் சொன்னாய். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு மாதம் முன்பு, பினாங்கில் அந்த மாதா கோயிலில் உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது உன் மகள் என் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்: "இவங்கதான் அந்த பஸ் ஆன்ட்டி. அம்மா சொல்வாங்கல்ல?" அங்கேயும் தலையை ஆட்டினேன்.

எனக்கு பஸ்ஸில் எதுவும் தோன்றவில்லை. இரண்டாம் நாளே தெரியும். உன்னைப் பினாங்குக்கு விட மனமில்லை, அதனால் சொல்லவில்லை. நீ போன பிறகு அந்த அறையில் எனக்கு ரேடியோவைப் போடக்கூடப் பிடிக்கவில்லை. அப்புறம் எத்தனையோ இடம் மாறினேன், எத்தனையோ பேரோடு வேலை பார்த்தேன். யாரும் என் தட்டில் கைவைத்ததில்லை.

பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு. உன் வாயால் கிடைத்த அந்தப் பாராட்டு எனக்குச் சேர வேண்டியதில்லை. அந்தப் பதினோரு நாளுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உன்னிடமிருந்து நான் திருடி வைத்துக்கொண்டது அவ்வளவுதான், அதை வைத்துத்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். இன்னொரு தடவை அந்த மாடியில் நம்மை உட்கார வைத்தால், கட்டாயம் சொல்லிவிடுவேன். அந்தப் பதினோரு நாளோடு இன்னும் ஒரே ஒரு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம்.