ஐஸ்கிரீம் டப்பா வெளிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக வைத்துக்கொள். அப்படியே முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுது. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஸ்டுடியோவில் பிளாஷ் அடித்தால் எல்லார் முகமும் எண்ணெய் வடிவது போல் மின்னுகிறது. மூக்கின் நிழல் கன்னத்தில் மீசையாக விழுகிறது. லீவு நாளில் கை சும்மா இருந்தால் மனசு கிடந்து அலைகிறதா, அதனால் ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டி, உள்ளே டிஷ்யூ பேப்பர் ஒட்டி, பிளாஷ் மேல் மாட்டினேன். சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே? அறையில் இருந்தது என்னோடு தங்கியிருக்கும் டிரைவர் அண்ணன் மட்டும்தான். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் புரண்டுகொண்டே கிடப்பவர். அன்று கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தார். பிளாஷை அடித்தேன். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"டேய், உனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா?"

படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கீழே கருவளையமே இல்லை. தொட்டில் பிள்ளை மாதிரி தூங்குகிறார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்கம்மாவுக்கு அனுப்புடா. தூங்குறியா, தூங்குறியான்னு கேட்டே உயிரை வாங்குது."

நீயும் அதைத்தானே கேட்கிறாய்? அதே வெளிச்சத்தில் நான் தூங்கும் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

டப்பாவுக்குப் போர்த்த மெல்லிய வெள்ளைத் துணி வேண்டும். புதுசு வேண்டாம், என் பழைய தலையணை உறை போதும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி.

கடை திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். படத்தைத் தங்கச்சியிடம் காட்டாதே. தூங்குகிறவன் தன்னைத்தானே எப்படிப் படம் எடுத்தான் என்று கேட்டுத் தொலைப்பாள்.

உன் மகன்