முதல் வீட்டிலேயே முடிந்த நடை

தலச்சேரி

அன்புள்ள கோமதிக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் சௌக்கியம், என் தொந்தி அதைவிட சௌக்கியம்.

நேற்று பிள்ளைகுட்டிகளோடு வந்த மூன்று குடும்பங்களைக் கடலோரத் தெருவில் நாலு வீட்டுப் பலகாரம் ருசிக்க நடத்திக் கூட்டிப்போனேன். ஒரு வீடு விட்டுப்போனாலும் என் வேலை போய்விடும் என்று முதலாளி எச்சரித்திருந்தார். அதனால் முதல் வீட்டு நபீசாத்தாவிடம், "ஆளுக்கு ஒண்ணு போதும் இத்தா" என்று கெஞ்சினேன்.

"வந்தவங்களை அரை வயித்தோட அனுப்பினா ஊரு என்னைக் காறித் துப்பும். நீ சும்மா கெட" என்று நேந்திரம்பழத்துக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த உன்னக்காயை அள்ளி அள்ளி வைத்தார். எல்லோரும் பாயில் சாய்ந்துவிட்டார்கள். வேலை போச்சு என்று உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மற்ற மூன்று வீட்டுப் பெண்களும் சட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள். "அவ கைக்கு மட்டும்தான் ருசியோ?"

நாலு வீட்டு ருசியும் பார்த்தாயிற்று, வேலை தப்பியது. மிச்சமெல்லாம் என் வயிற்றில்.

கொஞ்சம் ஓமம் அனுப்பு. இங்கே எல்லோரும் "இன்னொண்ணு" என்கிறார்கள். "போதும், எழுந்திரு" என்று அதட்டத்தான் ஆளில்லை.

கூட்டம் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன்
சதாசிவம்