தாரணியின் இதயத்தில் கொழுப்பு

ஹாலந்து,
2 மார்ச் 2009

அன்புள்ள தாரணிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே. போனில் நீ 'ம்' தவிர வேறெதுவும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் பெங்களூரு வந்தபோது என் ஆராய்ச்சிக்காக உன்னை ஆஸ்பத்திரி ஸ்கேனில் படுக்க வைத்தேனே, ஊசி, கத்தி இல்லாமல் காந்தத்தாலேயே இதயத் தசைக்குள் இருக்கும் கொழுப்பை அளக்க. ஆரோக்கியமானவர்கள் கூட்டத்தில் உன் அளவு மட்டும் மற்றவர்களுடையதைப்போல் இரண்டு மடங்கு. நீ மூச்சு விட்டதில், அளக்கும் இடம் இதயத்துக்கு வெளியே உள்ள கொழுப்பின்மேல் நழுவிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, தசையில்தான் இருக்கிறது. உனக்குச் சர்க்கரையும் கிடையாது, உடம்பும் குச்சி. சில நாள் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்தாலும் உடம்புக் கொழுப்பு கரைந்து இதயத்தில் போய்ச் சேரும். ஏதாவது விரதம் இருந்தாயா? மறைக்காமல் எழுது. உன்னால் என் கட்டுரை நிற்கிறது.

அன்புடன்,
கிஷோர்

பெங்களூரு,
14 மார்ச்

அன்புள்ள உங்களுக்கு, தாரணி எழுதுவது.

விரதம் ஒன்றும் இல்லை. ஸ்கேனுக்கு நாலு நாள் முன்பு, விசாவுக்காக நம் கல்யாணச் சான்றிதழை அத்தையிடம் கேட்டேன். "நீயும் போய்ட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடுறது?" என்றார். அன்றிலிருந்து நான் சமைப்பேன், நீங்கள் இருவரும் சாப்பிடுவீர்கள், மிச்சத்தை உள்ளே வைத்து அத்தை பூட்டிவிடுவார். எனக்கு ஒரு டம்ளர் மோர். நீங்கள் அந்த வாரம் வீட்டில்தான் இருந்தீர்கள். ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள்.

ஸ்கேனில் மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது தலை சுற்றியது. அசைந்தால் உங்கள் வேலை கெடுமே என்று அப்படியே கிடந்தேன்.

இப்போதும் பல நாள் அப்படித்தான். என்னைச் சீக்கிரம் அழைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பசி தாங்க முடியவில்லை.

உங்கள்
தாரணி

ஹாலந்து,
27 மார்ச்

என் கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குப் போன உயிர் வந்தது. அளவில் பிழையே இல்லை. பேராசிரியருக்கும் ஏக சந்தோஷம்.

அம்மா பழைய காலத்து மனுஷி, மனதில் வைத்துக்கொள்ளாதே. போனில் பேசிவிட்டேன். ஏப்ரல் பத்துவரை உனக்கு வயிறாரப் போடுவார். அன்று ஒரு ஸ்கேன். பிறகு முன்போலவே நாலு நாள் மோர் மட்டும், மறுபடி ஒரு ஸ்கேன். ஒரே ஆளிடம் இரண்டும் கிடைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே பொறுப்பில் இருக்கும் டாக்டர் சீனிவாசராகவன் கேட்டால் விரதம் என்று சொல். அம்மா உடனே சரியென்றுவிட்டார், பார்த்தாயா?

விசாவைக் கட்டுரைக்குப் பிறகு பார்க்கலாம். நீ இப்போதே இங்கே வந்துவிட்டால் வேலை அரைகுறையாக நின்றுவிடும்.

ஆயிரம் அன்புடன்,
கிஷோர்

பொம்மனஹள்ளி, பெங்களூரு,
20 ஏப்ரல்

கிஷோருக்கு,

நீங்கள் சொன்னபடியே அத்தை போட்டார். நெய்கூட ஊற்றினார். நானும் வெட்கப்படாமல் சாப்பிட்டேன். பத்தாம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஆனால் ஸ்கேனில் படுக்கவில்லை. உங்கள் கடிதத்தை டாக்டர் சீனிவாசராகவனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். என் அளவையும் உங்கள் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவதாகச் சொன்னார்.

அங்கிருந்து நேராக இங்கே வந்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் அறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் போகும் கார்மென்ட்ஸிலேயே எனக்கும் வேலை.

அழைத்துப் போக வராதீர்கள். அத்தையை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவர் பூட்டியது தனியாகிவிடுவோம் என்ற பயத்தில், என்மேல் இருந்த கோபத்தில். உங்களுக்கு என்மேல் கோபம்கூட இல்லை.

தாரணி