தோற்ற பூச்சி எங்கே போகிறது

2005 ஜூன் 14, செவ்வாய்

பூச்சி இன்றும் தோற்றது. ஆயிரம் சண்டையில் நூற்றெழுபத்தொன்பது வெற்றி. போன வாரம்தான் அது அடிக்கும் பலத்தை இரண்டு மடங்காக்கினேன். அப்படியும் இந்த லட்சணம்.

எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, செல்போன் விளையாட்டில் வரும் பொம்மை மிருகங்களில் எது எதை அடிக்கலாம் என்று அட்டவணை போடுகிறேன். மொத்தம் பன்னிரண்டு இனங்கள். தீ, நீர், பாறை, இடி, பறவை என்று போகும். களத்தில் ஒன்றுக்கு ஒன்று நிற்கும். நீ ஒரு அடி, நான் ஒரு அடி. கம்ப்யூட்டரைத் தனக்குத்தானே ஆயிரம் முறை மோதவிட்டு, காலையில் வந்து யார் தேறினார்கள் என்று பார்ப்பது என் பாடு. பதினொரு இனங்கள் ஐந்நூறை ஒட்டி நிற்கின்றன. பூச்சி மட்டும் தரையில் கிடக்கிறது.

ராஜகுரு அண்ணன் கவலையே படவில்லை. ஆபீஸ் அவருடையது, அவர் சொல்வதுதான் விதி. "அது தோக்கத்தான் இருக்கு பெர்சி. மொதக் காட்டுல மொத ஆளா சிக்கும். சீக்கிரமே றெக்க முளைக்கும், அப்பறம் வளராது. அதத் தூக்கிப் போட்டாத்தான விளையாடுறவனுக்கு நாம பெரிய ஆளாயிட்டோம்னு தோணும்?"

சரிதான். ஆனால் அட்டவணையில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கணக்கு வாத்தியார் மகள்.

ஜூன் 17

அப்பா இன்று கேட்காமலே மூன்றாவது இட்லி எடுத்தார். சவரம் வேறு செய்திருக்கிறார். அம்மா போய் இரண்டு வருடமாகப் போகிறது. அதற்கப்புறம் அவராகத் தட்டை நீட்டி நான் பார்த்ததில்லை. என்ன விஷயம் என்று கேட்டேன். சிரித்தார்.

ஜூன் 19, ஞாயிறு

என்ன விஷயம் என்று தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மாதாகோயில் பூசை, சாப்பாடு எல்லாம் முடிந்து மத்தியானம் மூன்று மணி இருக்கும். அப்பா தன் கட்டிலில் உட்கார்ந்து, சுவர் அலமாரியின் மரக்கதவை விரலால் மூன்று முறை தட்டினார். பிறகு வாயில் விரலை வைத்து என்னைப் பேசாதே என்றார். தெருவில் யாரும் இல்லை. ஒத்தக்கடை ஊருக்குள் இந்த வெயிலுக்கு யார் நடமாடுவார்கள்.

அலமாரிக்குள்ளிருந்து பதில் வந்தது. டக். டக். டக். காய்ந்த, சின்னச் சத்தம்.

அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் எட்டு மாதம் குரலே இல்லை. கல்யாண மோதிரத்தால் கட்டில் சட்டத்தில் தட்டித்தான் எங்களைக் கூப்பிடுவாள். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். மூன்று தட்டினால் பக்கத்தில் வா. அந்த அலமாரியில் அவள் சேலைகள்தான் இருக்கின்றன.

"இன்னாசியம்மா வந்துட்டாம்மா" என்றார் அப்பா, அம்மாவின் பெயரைச் சொல்லி. கண்ணில் தண்ணீர் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை இயல்பாகச் சொன்னார், சந்தைக்குப் போனவள் திரும்பி வந்த மாதிரி.

ஜூன் 20

அம்மா இந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. அவள் போனபிறகுதான் மனையே வாங்கினோம். வழி எப்படித் தெரியும்? கேட்டேவிட்டேன். "கட்டில் அவ கட்டில்தானே" என்கிறார்.

என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கொத்தனார் அந்த அலமாரியின் முதுகுப் பலகையை நடுச்சுவரில் என் அறைப் பக்கம் தெரியும்படி வைத்திருக்கிறார். அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டிப் படுக்க முடியவில்லை.

ஜூன் 30, வியாழன்

பூச்சியின் அட்டவணையை வரி வரியாகப் பார்த்தேன். அது நன்றாக அடிப்பது இரண்டே இனத்தை. அதன் அடி ஏறாத இனங்கள் ஆறு. தீ பட்டால் பொசுங்கும், பறவை கொத்தும், பாறை நசுக்கும். அதன் ஆகப் பெரிய அடி, தீயின் சாதாரண அடியில் பாதி. இதெல்லாம் காரணங்கள்தான். ஆனால் நான் ஒவ்வொன்றாகச் சரிசெய்தும் இருநூற்றெழுபதைத் தாண்டவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. உலகத்தில் யாராவது ஒற்றைப் பூச்சியோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டிருக்கிறார்களா? பூச்சியின் பலம் எண்ணிக்கை. அப்புறம் மறைவு, பொறுமை. ஒன்றுக்கு ஒன்று, நீ ஒரு அடி நான் ஒரு அடி என்று விதி போட்ட நிமிடமே அதனிடமிருந்து மூன்றையும் பிடுங்கிவிட்டோம். பிடுங்கிவிட்டு, பலவீனம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அப்பா வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறார். கோயில் பாட்டு. சுருதி சேரவே இல்லை.

ஜூலை 6, புதன்

கொத்தனார் முத்திருளனை வரச்சொன்னேன். அப்பா பென்ஷன் விஷயமாக டவுனுக்குப் போயிருந்த நேரம். வந்தவர் அலமாரிச் சட்டத்தில் காதை வைத்தார், நகத்தால் தட்டினார், கேட்டார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"கரையான்மா. காவலுக்குன்னு தலை பெருத்ததுக இருக்கும். ஆளரவம் கேட்டா மரத்துல தலைய முட்டும். நாம தட்டுனா அதுகளும் தட்டும். உள்ள எம்புட்டு இருக்கோ."

அப்புறம் அறைத் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், எதை நினைக்கிறார் என்று. மனையின் மேற்கு மூலையில் என் இடுப்பு உயரத்துக்குப் புற்று ஒன்று இருந்தது. அவருடைய ஆட்கள் கடப்பாறையை வைக்க மாட்டோம் என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பால் ஊற்றி, உத்தரவு கேட்டு இடித்துக்கொள்ளலாம் என்று முத்திருளன் தன்மையாகத்தான் சொன்னார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சட்டையைக் கழற்றிவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, தானே இடித்தார். பாம்பும் இல்லை சாமியும் இல்லை, வெறும் பூச்சி என்று காட்டினார். அஸ்திவாரத்துக்கு மருந்து அடிக்கவும் விடவில்லை. பூச்சிக்குப் போய் மருந்தா என்று கேட்டு, அந்தப் புற்று மண்ணையே தன் அறையின் தரைக்கு அடியில் கொட்டி நிரப்பச் சொன்னார்.

"சார் மேல இருந்ததத்தான் இடிச்சாரு. ராணி ஆறடி ஆழத்துல இருந்திருக்கும்" என்றார் முத்திருளன்.

அந்த மண்மேல்தான் அப்பாவின் கட்டில் கிடக்கிறது.

ஜூலை 8

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். கரையான் தலையால் முட்டும் சத்தம், யார் தட்டினாலும் வரும் என்று. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கரையானுக்கு எண்ணத் தெரியுமா பெர்சி?" என்றார்.

மூன்று தட்டினால் மூன்று. இரண்டு தட்டினால் இரண்டு. நானே காதால் கேட்டேன். தற்செயல் என்று சொல்லலாம். எத்தனை முறை தற்செயல்?

மருந்து அடிக்கலாம் என்றேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அம்மாவையே ரெண்டாவது வாட்டி சாகக் குடுக்கச் சொல்றியான்னு வாயத் திறந்து கேக்கல, அம்புட்டுத்தான். நான் என்ன செய்ய? வீடு முழுக்க அரிச்சுக்கிட்டு வருது. சத்தம் நின்னா இவரு படுத்துருவாரு. ரெண்டுல எத விட?

ஜூலை 10, ஞாயிறு

தோற்ற பூச்சி எங்கே போகிறது? மற்ற மிருகங்கள் தோற்றால் களத்தை விட்டு வெளியேறும். பூச்சி ஏன் போகவேண்டும்?

ஜூலை 15, வெள்ளி

புது விதி எழுதி ஓட்டினேன். தோற்ற பூச்சி களத்திலேயே தங்கும், கண்ணுக்குத் தெரியாது. அடுத்தடுத்த சண்டைகளில் எதிராளியின் உயிரில் ஒரு துளி தின்றுகொண்டே இருக்கும். திரையில் எதிராளியின் உயிர் அளவுக் கோடு மட்டும் வெளியே முழுசாகவே தெரியும்.

தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

படம் வரையும் ஸ்வப்னா என் பின்னால் நின்று பார்த்தாள். பாறை மிருகம் ஒன்று ஜெயித்துக் கையைத் தூக்கி நிற்கிறது. எதிரில் யாரும் இல்லை. கோடு முழுசாகப் பச்சை. மிருகம் அப்படியே சரிந்தது. ஸ்வப்னா ராஜகுரு அண்ணனிடம் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை, அவள் கைகளைத் தேய்த்துக்கொண்டது மட்டும் தெரிந்தது.

அண்ணன் நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். "எடுத்துரு பெர்சி. யாரு அடிச்சான்னே தெரியாமத் தோத்தா எவன் விளையாடுவான்? கண்ணுக்குத் தெரிஞ்சு தோக்கணும். அதுக்குப் பேருதான் விளையாட்டு."

ஆக, இதுதான் விடை. பூச்சிக்குத் தெம்பு இல்லாமல் இல்லை. அது தெம்போடு இருந்தால் நமக்கு விளையாட மனசு வராது. அதனால்தான் எல்லா விளையாட்டிலும் அதை முதல் காட்டிலேயே கொன்று பழகிக்கொள்கிறோம்.

விதியை எடுத்துவிட்டேன்.

ஜூலை 24, ஞாயிறு

நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது.

மத்தியானம் அப்பா தட்டினார், பதில் வந்தது, மறுபடி தட்டினார். அலமாரியின் மேல்சட்டம் சத்தமே இல்லாமல் கழன்று, கதவோடு சேர்ந்து கட்டிலில் சாய்ந்தது. அப்பா தலைக்கும் அதற்கும் ஒரு சாண் இருக்கும். கதவைப் பிடித்து இழுத்தேன். கனமே இல்லை. வர்ணம் அப்படியே பளபளப்பாக இருக்கிறது, உள்ளே மரம் இல்லை, மண்.

அம்மா சேலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தன. நீலப் பட்டின் கரைகூட மங்கவில்லை. அப்பா மேல் சேலையை எடுக்க இரண்டு கையையும் கொடுத்தார். விரல்கள் உள்ளே போய்விட்டன. அடுக்கு முழுவதும் ஈரமான மண், அதில் வெள்ளையாக ஊர்ந்துகொண்டு... மேல் மடிப்பு மட்டும்தான் சேலை.

அப்பா கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து எடுத்தேன். அவர் முகத்தில் அருவருப்பு இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. குளிர்ந்த கையைப் பிடித்திருக்கிற மாதிரி பிடித்திருந்தார்.

ஜூலை 27, புதன்

லீவு போட்டேன். முத்திருளன் தரையில் வரிசையாகத் துளை போட்டு மருந்து இறக்கினார். அலமாரியைப் பிடுங்கிக் காலி மனையில் எரித்தார். அப்பாவின் கட்டிலை ஒட்டி முதுகுப் பலகை மட்டும் கெட்டியாக இருக்கிறது என்று விட்டுவைத்தார். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். தடுக்க வரவில்லை.

ஆகஸ்ட் 1

சத்தம் இல்லை.

ஆகஸ்ட் 4

காலையில் அரை இட்லி. இரவு ஒன்றுமில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாயங்காலம் நான் வரும்போது பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தார்.

டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தார். சாப்பிட வையுங்கள் என்றார். எப்படி என்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

செய்துவிட்டேன். பாவமா என்று தெரியவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதுமில்லை.

அம்மா மோதிரம் என் பெட்டியில் இருந்தது. அப்பா தட்டியதும் என் அறையில் முதுகுப் பலகைப் பக்கம் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்று முறை தட்டினேன். அந்தப் பக்கம் அப்பா கட்டிலில் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அழுதார். பிறகு, "பெர்சி, சோறு இருக்கா?" என்று கேட்டார்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

அம்மாவின் இரண்டாம் வருடப் பூசை. அப்பா வெள்ளை வேட்டி கட்டி வந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல் தட்டினேன். தினமும் ஆறு மணிதான், ஆபீஸ் விட்டு வந்து கை கால் கழுவியதும். அவரும் அதற்கு முன்னால் தட்டுவதில்லை. நேரம் பழகிவிட்டது.

செப்டம்பர் 7, புதன்

விளையாட்டை இன்று அனுப்பிவிட்டோம். பூச்சி பழையபடி நூற்றெண்பதில் நிற்கிறது. ராஜகுரு அண்ணன் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித்தந்தார். அனுப்பும் வேலை இழுத்துவிட்டது, பஸ்ஸும் கிடைக்கவில்லை, வீட்டுக்கு வர ஏழரை. ஆறு மணியைத் தவறவிட்டோமே என்று ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். முகம் அப்படி ஒரு வெளிச்சம்.

"இன்னைக்கு ஆறு மணிவரைக்கும் அவ காத்திருக்கலம்மா. மத்தியானமே கூப்பிட்டுட்டா. நான் தட்டக்கூட இல்ல. ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்தா."

மத்தியானம் நான் ஆபீஸில் இருந்தேன். மோதிரம் என் கைப்பையில் இருந்தது.

என் அறைக்குப் போய் விளக்கைப் போட்டேன். பலகையில் ஒன்றும் இல்லை. என் கதவு நிலையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேன். வர்ணம் பளபளப்பாகத்தான் இருந்தது. விரல் உள்ளே போனது.

மருந்து கேன் மாடிப்படிக்கு அடியில் பாதி இருக்கிறது. முத்திருளன் நம்பர் காலண்டரில் எழுதியிருக்கிறது. அப்பா அடுப்படியில் தனக்கும் எனக்கும் தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டோம். நான்கு தோசை சாப்பிட்டார். பிறகு அவர் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் பலகையில் மூன்று முறை தட்டினேன். இந்த முறை விரலால்தான்.

பதில் வந்தது. அப்பாவின் பலகையிலிருந்து இல்லை, என் அறையின் கதவு நிலையிலிருந்து.